ஆண்டவரோட முதுகுப்பக்கம்

மூக்கு அரிச்சுது கயித்தானுக்கு. இம்புட்டு நாளு இருக்கிற எடம் தெரியாமக் கெடந்த மூக்கு, பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரே கோயில்ல முழங்கால் போட்டு அழுது நிக்கையில, ஆண்டவரு சிலுவையில தொங்குற நேரமாப் பாத்துத்தான் அரிக்கணுமாக்கும். சொறியலாம்னா வலது கையில கயிறு. இடது கை, சிலுவைக்கு முட்டுக் குடுத்த சட்டத்தைப் பிடிச்சிருக்கு. அதை விட்டா நிக்கிற பலகையிலேருந்து தலைகுப்புறப் போயி ஆண்டவருக்கு முன்னால இவன் செத்துருவான். அப்புறம் எந்தப் பொணத்துக்கு அழுறதுன்னு ஊருக்குக் குழப்பம் வந்துரும். மூக்கைச் சட்டத்துல தேய்ச்சான். சட்டத்துல தூசி. தும்மல் வந்து நெத்தி வரைக்கும் ஏறி நின்னுக்கிட்டு, எறங்கட்டுமா வேண்டாமான்னு கேட்டுச்சு. ஆண்டவரே, ஒம்ம மேலேயே தும்மிருவேன், பாத்துக்கிடும்னு மனசுக்குள்ள சொன்னான். அவரு பாத்துக்கிட்டாரு. தும்மல் திரும்பிப் போச்சு. கயித்தான் நிக்கிறது கறுப்புப் படுதாவுக்குப் பின்னால, ஊரு கண்ணுக்குத் தெரியாம. படுதாவுக்கு முன்னால சிலுவை, சிலுவையில மரத்துல செஞ்ச ஆண்டவரு சுரூபம், ஒரு ஆளு உசரம். மத்த சுரூபம் மாதிரி இல்ல இது. கழுத்துல தோலு வச்சுத் தச்சிருக்கும், தலை ஆடும். பின்மண்டையில ஒரு இரும்பு வளையம். வளையத்துல கட்டுன கயிறு, சிலுவை மரத்துல போட்ட ஓட்டை வழியா, படுதாக் கிழிசல் வழியா, இந்தா கயித்தான் கையில. கயித்தை இழுத்துப் பிடிச்சா ஆண்டவரு தலை நிமிந்து ஊரைப் பாப்பாரு, உசிரோட இருக்காருன்னு அர்த்தம். சிலுவையில ஆண்டவரு சொன்ன ஏழு வார்த்தைக்கும் பங்குச்சாமி பிரசங்கம் வச்சு முடிச்சு, வெண்கல மணிக்குப் பதிலா மரமணி தட்டுறப்ப விடணும். தலை நெஞ்சுல விழும். ஊரு ஓன்னு அழும். அவ்வளவுதான் வேலை. என்ன அவ்வளவுதான்? அது வரைக்கும் பிடிக்கணும்லா. அந்தக் கயித்தை ஆணியில கட்டக் கூடாது, அதுதான் இந்த ஊரு முறை. ஆண்டவரு உசிரோட இருக்கிற வரைக்கும் உசிருள்ள ஒரு மனுசன் கைதான் அவரைப் பிடிச்சிருக்கணும். அதுவும் வலது கை. கால் கழுவுற கையிலயா ஆண்டவரு உசிரைப் பிடிப்பேன்னு ஊரு கேக்கும். விடிஞ்சதுலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாது. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. கயித்தானை இந்த வேலைக்கு ஏன் பிடிச்சாங்கன்னு வெளியூர்க்காரன் கேட்டா ஊர்க்கமிட்டி சொல்ற பதில் ஒண்ணுதான்: வருசத்துல ஒரு நாளு, ஒரு பொழுதாவது அவன் வாய் மூடிக் கெடக்கட்டும், ஊரு நிம்மதியா அழட்டும்.

அத்தான்னு காதுகிட்ட ஒரு மூச்சு. பொண்டாட்டி மர்சலியோட தம்பி இஞ்ஞாசி. படுதாவுக்குப் பின்னால இவனுக்குத் துணைக்குன்னு கமிட்டி நிறுத்தியிருக்கு. துணைக்கா? கழுகு துணைக்கு நிக்கிற மாதிரி. "அத்தான், கை நடுங்குதே. குடுத்துருங்களேன், நான் பிடிக்கேன்." கயித்தான் கண்ணை மட்டும் உருட்டுனான். "ஒண்ணும் கொறைஞ்சு போகமாட்டிய அத்தான். வேற யாருகிட்ட, எங்கிட்டதானே." வாயி மட்டும் தொறந்துச்சுன்னா, மாப்ள, ஒன் கல்யாணத்தன்னைக்கு நீ வேட்டி அவுந்து நின்ன கதையை இந்த மைக்கு வழியாவே சொல்லியிருப்பேன். அந்த நேரம் பாத்து எனக்கு மவுனம். அந்தப் பக்கம் பங்குச்சாமி ரெண்டாவது வார்த்தைக்கு வந்துட்டாரு. ஆண்டவரு செத்துக்கிட்டு இருக்கும்போது ஏழு தடவைதான் வாயத் தொறந்தாரு, ஒவ்வொண்ணும் ஒத்தை வரி. சாமி அந்த ஒத்தை வரியை வலைக்கயிறு மாதிரி இழுக்காரு, இழுக்காரு, கரை தெரியல. பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு மோட்சம் குடுத்த வார்த்தை. அந்தக் கள்ளன் எப்பிடி இருந்திருப்பான்? இஞ்ஞாசி மாதிரிதான் இருந்திருப்பான். காதுகிட்டயே நொணநொணன்னு. ஆண்டவருக்கும் திரும்ப முடியாது, ஆணி அடிச்சிருக்கு. கைன்னு நெனச்சதும் கயித்தான் கையைப் பாத்தான். பாத்துக்கிட்டே இருக்கணும். பாத்தாத்தான் அது பிடிக்கும். தை மாசம் கரையில வலை இழுத்துக்கிட்டு இருந்தவன் கையிலேருந்து கயிறு தானா நழுவிச்சு. என்னலே விட்டுட்டன்னு கேட்டாங்க. நான் எங்கல விட்டேன்னு சொல்லப் போனான், நாக்கு பாயைச் சுருட்டுன மாதிரி சுருண்டுக்கிட்டு வரமாட்டேன்னுருச்சு. அதுதான் பயம். கையி போனது கூட இல்ல. கயித்தானுக்கு நாக்கு இல்லன்னா கயித்தான் யாரு? ஆசுபத்திரியில படுத்துக்கிட்டு மேல சுத்துற காத்தாடியைப் பாத்தே கெடந்தான். நாக்கு நாலு நாள்ல வந்துருச்சு, வந்ததும் மொத வேலையா நர்சம்மாவைக் கிண்டல் பண்ணி ஊசியில பலமாக் குத்து வாங்குச்சு. கையி வரல. வந்த மாதிரி வந்துச்சு. பெருவிரலும் அடுத்ததும் பரவாயில்ல. கடைசி ரெண்டும் அடுத்தவன் விரலு. கண்ணால பாத்து, மடங்குலேன்னு சொன்னா மடங்கும். பாக்காட்டி, எந்த நேரம் விரியும்னு அதுக்கே தெரியாது. டாக்டரு பந்தை அமுக்கச் சொன்னாரு. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போகும், இவன் அதுக்குப் பின்னால போவான். கடலுக்கு இப்ப யாரும் கூப்புடுறதில்ல. வாங்கண்ணேன்னு சொல்லுவாங்க, வள்ளத்துல எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டு. இந்தக் கயிறு ஒண்ணுதான் மிச்சம். கமிட்டியில கேட்டப்ப, கையா, கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லி நாலு பேரு கையைப் பிடிச்சுக் குலுக்கிக் காட்டுனான், இடது கையால வலது மணிக்கட்டைத் தாங்கிக்கிட்டு. தலைவரு சிரிச்சாரு. "சரிவே கயித்தான், இந்த வருசம் பிடியும். நேரத்துக்கு முன்னால தலை விழுந்துச்சுன்னா கயிறு இஞ்ஞாசிக்கு. அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது." அதுக்கும் ஒரு காரணம் உண்டு. முன்ன ஒரு தடவை, யாரோ ஒருத்தன் தூங்கி, கள்ளனுக்கு மோட்சம் குடுக்கிறதுக்கு முன்னாலயே ஆண்டவரைச் சாகடிச்சுட்டான். செத்தவரு மிச்ச வார்த்தையைப் பேசக் கூடாதேன்னு சாமி பிரசங்கத்தைப் பாதியில முடிச்சுட்டாரு. அன்னையிலேருந்து அந்தக் குடும்பத்துக்கு ஊருல பேரு, கள்ளனைக் கைவிட்டவன் வீடு.

மூணாவது வார்த்தை. அம்மாவைப் பாத்துப் பேசுனது. பொம்பளைங்க பக்கம் விசும்பல் கேக்க ஆரம்பிச்சுட்டு. மகன் தொங்குறான், தாயி கீழ நிக்கா, தொடக் கூட எட்டல. ஒரு பய அவரு கண்ணுல படுறான், அவன்கிட்ட, எங்கம்மாவைப் பாத்துக்கடேன்னு சொல்லுதாரு. சாகப் போற நேரத்துலயும் வீட்டுக் கவலை. கடவுள்னா வீட்டுக் கவலை எதுக்கு? மனுசன். இவரு மனுசந்தான். ஊரு முன்னால நின்னு பாக்குது. முகத்துல வேர்வை, ரெத்தம், கண்ணாடிக் கண்ணு, பெயின்டுக்காரன் வருசா வருசம் புதுசாப் பூசுவான். பின்னால வந்து பாத்தவன் கயித்தான் ஒருத்தன்தான். சிலுவை மரம் ஒல்லி, படுதாக் கிழிசல் வழியாப் பாத்தா ரெண்டு பக்கமும் முதுகு தெரியும். பின்னால பெயின்டு கெடையாது. ஆசாரி உளி கொத்துன தடம் அப்பிடியே இருக்கு, தோள்பட்டைகிட்ட கரையான் தின்ன குழி, அதுல ஒரு சிலந்தி குடியும் குடித்தனமுமா. ஆண்டவரே, முன்னால நீரு ராசா, பின்னால நீரும் நானும் ஒண்ணுதான்வே. எனக்கும் பின்னால யாரும் பெயின்டு அடிக்கல. அந்த முதுகுல முடி வந்து விழுந்து கெடக்கு. சுரூபத்துக்குத் தலைமுடி நெசமான முடி. நேந்துக்கிட்ட பொம்பளைங்க குடுக்கிறது. இந்த வருசத்து முடி மர்சலி முடி. இவன் நாக்கு சுருண்டு கெடந்தப்ப நேந்துக்கிட்டாளாம், இவன்கிட்ட கேக்கல. இடுப்புக்குக் கீழ தொங்கும் அந்த முடி. கல்யாணமான புதுசுல அதை மிதிச்சு ரெண்டு பேரும் விழுந்திருக்காங்க. மொட்டைத் தலையோட வந்து நின்னா; யாரு பெத்த பயலே நீன்னு கேட்டான்; மூஞ்சியில குத்துனா; அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சு, சிரிப்பு எங்கயோ போயி அழுகையில நின்னுச்சு. இப்ப அவ முக்காடு போட்டு அந்தப் பக்கம் பொம்பளைங்க கூட்டத்துல இருக்கா, அவ முடி இங்க, இவன் மூக்குக்கு முன்னால, தேங்காண்ணெய் வாசம் இன்னும் போகல. ஆண்டவருக்குப் பின்னால நிக்கிறமா, பொண்டாட்டிக்குப் பின்னால நிக்கிறமா? பாவமா இது? பாவமா இருந்தா பாதிப் பாவம் மர்சலிக்கு. தொண்டை காஞ்சு போச்சு. எச்சி முழுங்குனா மணலு முழுங்குற மாதிரி. இனிமே வரப்போற அஞ்சாவது வார்த்தை, தாகமா இருக்குன்னு சொன்னது. ஏழுல கயித்தானுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பெரிய பேச்சு, சாமிமாரு பேசலாம். தாகமா இருக்குன்னு சொன்னது நம்மாளு பேச்சு. வள்ளத்துல குடம் ஒடஞ்சு, சுத்திலும் தண்ணியா இருக்க, ஒரு சொட்டு வாயில வைக்க முடியாமக் கெடந்தவனுக்குத் தெரியும். கடலை உண்டாக்குனவரு ஒரு மொடக்குத் தண்ணி கேட்டாரு பாரு, அந்த எடத்துல அவரு எங்க வள்ளத்துல ஏறிட்டாரு. குடுத்தானுவளா? புளிச்ச காடியைக் குடுத்தானுவ, பாவிப்பயலுவ. நாலாவது வார்த்தை ஓடுது இப்ப. ஏன் என்னைய விட்டுட்டீருன்னு அப்பன்கிட்ட கேட்ட வார்த்தை. சாமி கொரலு கம்முது. கோயில்ல ஒரு சத்தம் இல்ல. அந்த அமைதியில ஒரு இருமல். வறட்டு இருமல், ரெண்டு தடவை, முடிவுல ஒரு சின்ன இழுப்பு. மர்சலி. அவளும் தண்ணி குடிக்காமக் கெடக்கா, இவனுக்காக. ஏட்டி, நீ எதுக்குட்டி கெடக்கன்னு முடியைப் பாத்து மனசுக்குள்ள கேட்டான்.

முடியைப் பாத்தான். கையைப் பாக்கல. கயிறு ஓடுனது கூடத் தெரியல அவனுக்கு. முடி முன்னால சாஞ்சதுதான் தெரிஞ்சுது. மர்சலி முடி, முதுகை விட்டு ஒதுங்கி, அந்தப் பக்கமாப் போயி விழுந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம், மரத்துல மரம் இடிச்ச சத்தம். தாடை நெஞ்சுல இடிச்சிருக்கு. ஐயோன்னு ஒரு பொம்பளை. அப்புறம் எல்லாப் பொம்பளையும். சாமி வாயி நின்னு போச்சு. செத்துட்டாரு. தண்ணி கேக்காமலே செத்துட்டாரு, கயித்தான் சாகடிச்சுட்டான். கள்ளனைக் கைவிட்டவன் வீட்டுக்குப் பக்கத்துல இன்னொரு வீடு. "முடிஞ்சுது அத்தான்"னு இஞ்ஞாசி சொன்னான், இந்தத் தடவை நக்கல் இல்ல கொரல்ல, பயந்துட்டான். முடியல. எங்கல முடிஞ்சுது? கயித்தோட வாலு இன்னும் படுதாக் கிழிசலுக்கு இந்தப் பக்கம் பல்லி வாலு மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு. கயித்தான் சட்டத்தை விட்டான். இடது கையால எட்டி அதைப் பிடிச்சான். கால் கழுவுற கை. இருக்கட்டும், ஆண்டவரே, கழுவிட்டுத்தான் வந்தேன். வலது முழங்கையில கயித்தை ரெண்டு சுத்துச் சுத்துனான். பிடிக்கத்தான் தெரியாது அந்தக் கைக்கு, தூணு மாதிரி நிக்கத் தெரியும்லா. பலகையில கால் வழுக்குச்சு. விழப் போனான். அப்ப இடுப்புல ரெண்டு கை வந்து கட்டிப் பிடிச்சுது. இஞ்ஞாசி. கயித்தைப் பிடுங்கல பய. இவனைப் பிடிச்சான். "இழுங்க அத்தான். நான் இருக்கேன்." விடுலேன்னு சொல்லத்தான் வாயி வந்துச்சு, மவுனம் தடுத்துச்சு, அதுவும் நல்லதாப் போச்சு. சிலுவை தூக்குறப்ப ஆண்டவரே வழியில போன எவனையோ கூட்டு சேத்துக்கிட்டாரு. வேண்டாம்வே, நானே தூக்கிக்கிடுதேன்னு அவரு வீம்பு பண்ணலையே. அவருக்கு இல்லாத வீம்பு ஒனக்கு எதுக்குல. இழுத்தான். முதுகைப் பின்னால சாச்சு, கரைவலை இழுக்கிற மாதிரி, குதிகாலை ஊனி, பல்லைக் கடிச்சு, முழு ஒடம்பையும் கயிறாக்கி இழுத்தான். ஒரு விரக்கடை வந்துச்சு. நின்னுச்சு. கை நடுங்குச்சு, கயிறு நடுங்குச்சு, அந்தக் கோடியில தலையும் நடுங்கியிருக்கும். இன்னொரு விரக்கடை. சறுக்குச்சு, கொஞ்சம் எறங்குச்சு. இன்னும் இழுத்தான். மர்சலி முடி முன்னாலேருந்து ஒவ்வொரு இழையா முதுகுக்குத் திரும்பி வருது, கடல்ல போன வள்ளமெல்லாம் ஒவ்வொண்ணாக் கரைக்கு வர்ற மாதிரி வருது. வா ராசா. வா. இன்னும் மூணு வார்த்தை பாக்கி இருக்கு ஒமக்கு. நீரு தண்ணி கேக்காமப் போகக் கூடாது. வந்துட்டாரு. நிமிந்துட்டாரு. தலை லேசா ஒரு பக்கம் சாஞ்சு, நடுக்கத்தோட, ஆனா நிமிந்து. அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் கொரலு, வயசான கொரலு, ஒடஞ்சு கேட்டுச்சு. "தலையத் தூக்க மாட்டாமத் தூக்குதாரே. கழுத்து வலிக்குமே அவருக்கு." அம்புட்டுத்தான். கோயிலு ஒடஞ்சுது. வருசா வருசம் அழுற அழுகை கயித்தானுக்குத் தெரியும், அது மணி தட்டுனா வர்ற அழுகை. இது அது இல்ல. வீட்டுல ஒருத்தன் நோவுல கெடந்து, எந்திரிக்கப் பாத்து, விழுந்து, மறுபடியும் எந்திரிக்கிறதைப் பாக்குற அழுகை. அந்த அழுகைக்கு நடுவுல சாமி மைக்குல, பிரசங்கமெல்லாம் மறந்து போனவரு மாதிரி, சின்னக் கொரலு ஒண்ணுல சொன்னாரு. தாகமா இருக்குன்னு. அதை ஆண்டவரு சொன்ன மாதிரி சொன்னாரா, தனக்கே தாகம் எடுத்துச் சொன்னாரா, தெரியல. அந்த வார்த்தைக்குப் பிரசங்கமே வைக்கல.

கை இப்ப முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. தோள்பட்டையில தீ. முதுகுல ஒரு நரம்பு குறுக்க இழுத்துக் கட்டுன மாதிரி. ஆனா பயம் இல்ல. பயம் எங்க போச்சுன்னு தேடிப் பாத்தான், ஆளைக் காணோம். நடுங்குனா நடுங்கட்டுமே. நடுங்காத கை பிடிச்ச வருசமெல்லாம் அவரு மரமா நின்னாரு, கல்லு மாதிரி, ராசா மாதிரி, ஒரு நோவும் தெரியாம. நடுங்குற கை பிடிச்சதாலதானே இன்னைக்கு அவருக்குக் கழுத்து வலிச்சுது. ஆண்டவரே, நானு ஒம்மைப் பிடிச்சிருக்கேனா, நீரு என்னையப் பிடிச்சிருக்கீரா? ரெண்டு பேருமே தொங்கிக்கிட்டுத்தான் இருக்கோம், இஞ்ஞாசி விட்டான்னா ரெண்டு பேரும் கீழ. பாத்துக்கிடும், பய அக்குள்ல வேர்வை நாறுது, இவ்வளவு பக்கத்துல இவனை நான் கட்டிப் பிடிச்சதே இல்ல. ஆறாவது வார்த்தை போச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு. தோத்தவன் சொல்ற முடிஞ்சுது இல்ல அது. வலையை இழுத்துக் கரையில போட்டுட்டு இடுப்புல கைய வச்சு நிக்கிறவன் சொல்ற முடிஞ்சுது. கடைசி வார்த்தையும் வந்துச்சு, அப்பன் கையில உசிரை ஒப்படைக்கிறது. மரமணி தட்டுனாங்க. டக டகன்னு. விடணும். விடணும்னா மனசு வரல. இம்புட்டுப் பாடுபட்டுத் தூக்கிட்டு? இன்னும் ஒரு மூச்சு. இன்னும் ஒண்ணு. "அத்தான், விடணும்"னு இஞ்ஞாசி மெதுவாச் சொன்னான். டப்புன்னு விடுறதுதான் முறை. கயித்தான் விடல. உறங்குற பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி, ஒடம்பை முன்னால சாச்சு சாச்சு, கயித்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தான். தாடை நெஞ்சைத் தொட்டப்ப சத்தமே கேக்கல. அவரா நெனச்சு, அவராத் தலையைச் சாச்சுக்கிட்டாரு.

பின்வாசல் வழியா வெளிய வந்தா வெயிலு மூஞ்சியில அடிச்சுது. கமிட்டித் தலைவரு வேப்பமரத்துக்குக் கீழ நிக்காரு, மூக்கைச் சிந்திக்கிட்டு. கயித்தான் பேசல. பேசலாம், நேரம் முடிஞ்சுட்டு, ஆனா பேசல. இவன் பேசாம நிக்கிறதைப் பாத்து அவருக்கே பயம் வந்துட்டு. "ஓய் கயித்தான். யாரைக் கேட்டுவே தலையத் தூக்குனீரு?" கயித்தான் இஞ்ஞாசியைப் பாத்தான். கயிறு நழுவுனதைப் பக்கத்துல நின்னு பாத்த பய. இப்ப ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கயிறு அவனுக்கு. இஞ்ஞாசி துண்டை ஒதறித் தோள்ல போட்டான். "நாங்க ரெண்டு பேரும் யோசிச்சு வச்சதுதான். அடுத்த வருசமும் ரெண்டு பேரும்தான். ஒத்தை ஆளால ஆகாது." தலைவரு மறுபடியும் மூக்கைச் சிந்துனாரு. "ஆமாவே, அப்பிடித்தான் தூக்கணும் இனிமே. விழுந்து எந்திரிக்கணும்." மீன் விக்கிற லூர்தம்மா அந்தப் பக்கமாப் போனவ நின்னு, "போங்கவே, இவனுவ தூக்குனானுவளாம். கயிறும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. அவராத் தூக்குனாரு, நான் கண்ணால பாத்தேன்"னு சண்டைக்கு வந்தா. மர்சலி செம்போட வந்தா. முக்காடு வழுக்கி, பொடிப்பொடியா முளைச்ச முடி தெரிஞ்சுது. இவன் முழங்கையில கயிறு அறுத்த தடத்தைப் பாத்தா. "வழுக்கிட்டுல்லா?" "யாருட்டி சொன்னா?" "எம் முடிதானே விழுந்துச்சு. எனக்குத் தெரியாதா?" கயித்தான் வலது கையை நீட்டுனான். கடைசி ரெண்டு விரலையும் பாத்து, மடங்குங்கலேன்னான். மடங்குச்சு. செம்பு ஆடுச்சு. இஞ்ஞாசி கேக்காமலே அடியில ஒரு கையைக் குடுத்தான். பாதித் தண்ணி சட்டைக்கு, மிச்சம் தொண்டைக்கு. அடேயப்பா, என்ன தண்ணி. கிணத்துத் தண்ணிதான், உப்புக் கரிக்கிற தண்ணிதான். உள்ள எறங்க எறங்க, அடைச்சு வச்ச சிரிப்பெல்லாம் அதுல நனைஞ்சு முளைச்சு மேல வந்துச்சு. வாயி முழுக்கத் தண்ணியோட கயித்தான் சிரிச்சான், வேப்பமரத்துக் காக்கா பறக்குற மாதிரி. மர்சலி பதறி அவன் வாயைப் பொத்துனா. "பெரிய வெள்ளியன்னைக்கு என்ன சிரிப்பு? ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க மாட்டியளா?"

"அவருக்கே பொறுக்கலட்டி"ன்னான் கயித்தான். "வெள்ளிக்கெழமையே தலையத் தூக்கிட்டாரு."